கணினியைப் பாவிக்கும் பிள்ளையும் கணினியைக் கட்டும் பிள்ளையும்



அன்பின் பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, ஊரின் இளைஞர்களே! கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் "நான்ட் படலையின் உண்மை அட்டவணையை எழுது" என்று சொன்னால் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். திரான்சிற்றரின் வரைபைக் கேட்டால் பிசகாமல் வரையும். அதே பிள்ளையின் கையில் ஓர் ஒளிகாலும் இருவாயியைக் கொடுத்து, "இதில் எந்தக் கால் நேர்?" என்று கேட்டால் திகைத்து நிற்கும். நான்ட் படலையைப் பரீட்சைத் தாளில் நூறு தரம் வரைந்த பிள்ளை அதை ஒரு தரமாவது தொட்டதில்லை. பதினான்கு கால்களோடு கறுப்புப் பூச்சி போலக் கிடக்கும் அந்தச் சிறு துண்டுக்குள்தான் தான் படித்த பாடம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இது பிள்ளையின் பிழையல்ல. புள்ளியை மட்டும் கேட்கும் ஒரு முறைக்குள் அது வளர்கிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நம் வீடுகளில் எதையும் கழற்றிப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழுதான ரேடியோ, பெருநாளைக்கு வாங்கிய விளையாட்டுக் கார், வாப்பாவின் பழைய போன், எது கிடைத்தாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடும். உடனே உம்மா சத்தம் போடுவார்: "மகன், ஒனக்கு ஏன் இந்த வேல? பொத்தகத்த எடு!" அந்தப் பிள்ளை வகுப்பில் பெரும்பாலும் கடைசி வாங்கில் இருக்கும். ஓ.எல். முடிந்ததும் ஒரு போன் திருத்தும் கடையில் நிற்கும், அல்லது கட்டாருக்கோ சவூதிக்கோ போய்விடும். அதற்குக் கை வேலை தெரியும், அதன் பின்னாலுள்ள கணக்குத் தெரியாது. முதலில் சொன்ன பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், கை வேலை தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்க நம் ஊரில் ஓர் இடம் இல்லை. நாம் பேச வேண்டிய விடயம் இதுதான்.

*கணினி கட்டுவது என்றால் என்ன?*

பொடியன்மார் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாகங்களை வாங்கி வந்து கேம் விளையாடப் பீசி பூட்டுகிறார்கள். அதுவும் நல்ல பழக்கம்தான். ஆனால் நாங்கள் சொல்வது அதற்கும் கீழே இறங்கிச் செய்யும் வேலை. படலைகளை அடுக்கி, கூட்டத் தெரிந்த ஒரு சுற்றை நாமே கட்டுவது.

ஒன்றும் ஒன்றும் துவித எண்ணில் 10. இதைச் செய்ய ஒரு எக்ஸ்-ஓர் படலையும் ஓர் அன்ட் படலையும் போதும். எக்ஸ்-ஓர் வலப்பக்க இலக்கத்தைத் தரும், அன்ட் மிகுதியைத் தரும். இதுதான் அரைக்கூட்டி. 7486, 7408 என்ற இரண்டு சில்லுகள், இரண்டு ஆளிகள், இரண்டு விளக்குகள். இரண்டு ஆளியையும் போட்டதும் ஒரு விளக்கு அணைந்து மற்றது எரியும். "நான் கட்டியது கூட்டுகிறது" என்று பிள்ளை அந்த இடத்தில் விளங்கிக்கொள்ளும். பத்து ரியூட் அதைத் தராது.

அடுத்தது கழித்தல். 7இலிருந்து 3ஐக் கழிக்கத் தனியாக ஒரு சுற்றுத் தேவையில்லை. 3 என்பது 0011. அதைத் தலைகீழாக்கினால் 1100, ஒன்றைக் கூட்டினால் 1101. இதை 7 ஆகிய 0111 உடன் கூட்டினால் 10100 வரும். ஐந்தாவது இலக்கத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது 0100, அதாவது 4. தலைகீழாக்கும் வேலையை அதே எக்ஸ்-ஓர் படலைகள் செய்துவிடும். பாடத்திட்டத்தில் "இரண்டின் நிரப்பி" என்று பிள்ளைகள் மனனமிடுவது இதைத்தான். கம்பியால் இணைத்துப் பார்த்த பிள்ளைக்கு அதை மனனமிடத் தேவையே வராது.

இப்படியே படிப்படியாகப் போய் முழுக் கணினியையே கட்டியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பென் ஈட்டர் என்பவர் யூடியூபில் 8 பிட் கணினி ஒன்றைப் பிரெட்போட்டில் ஒவ்வொரு கம்பியாக இணைத்துக் காட்டியிருக்கிறார். அதன் நினைவகம் வெறும் 16 பைட்டு. உங்கள் போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதில் கடிகாரத் துடிப்பை ஒவ்வொன்றாக நிறுத்தி, எண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதை விளக்குகளில் கண்ணால் பார்க்கலாம். போனில் அது முடியாது.

*பெரிய ஆய்வுகூடம் வேண்டுமா?*

வேண்டாம். 1975 ஜனவரியில் அமெரிக்காவில் "பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்" என்ற சஞ்சிகையின் அட்டையில் அல்டெயர் 8800 என்ற கணினி வந்தது. பெட்டியில் பாகங்களாக வரும், வாங்கியவரே பற்றாசு பிடித்துப் பொருத்த வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முன்பக்கத்தில் ஆளிகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. அடிப்படை நினைவகம் 256 பைட்டு. அதே ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கராஜில் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஹோம்பிரூ கம்பியூட்டர் கிளப் என்று அதற்குப் பெயர். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொன்னார்கள், சுற்று வரைபடங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அங்கு வந்துபோன ஸ்டீவ் வொஸ்னியாக் கட்டியதுதான் 1976இல் வந்த அப்பிள் 1.

இந்தக் கதையில் நாம் எடுக்க வேண்டியது அப்பிளின் பணத்தை அல்ல, அந்தக் கராஜை. ஒன்றுகூட ஓர் இடமும் அறிந்ததை மறைக்காத மனமும் இருந்தன. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. கடினப் பந்துக்கும் மென்பந்துக்கும் சுற்றுப்போட்டி வைக்கிறோம், சீருடை அடிக்கிறோம். ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு பல்மானி வைத்து ஓர் இலத்திரனியல் கழகம் நடத்த நம்மால் முடியாதா?

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2019 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்ட ராவணா-1 செய்மதி கிட்டத்தட்ட ஒரு கிலோகிராம்தான். ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தில் இருந்து அதை உருவாக்கியவர்கள் இலங்கையின் இளம் பொறியியலாளர்கள் இருவர்.

*எதிலிருந்து தொடங்குவது?*

முதலில் ஒரு விளக்கு. 5 வோல்ற்று வழங்கல், சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஒன்று. அதற்குக் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ற்று விழும், மிச்சம் 3. நமக்கு 10 மில்லி அம்பியர் ஓடினால் போதும். ஓமின் விதிப்படி 300 ஓம் தடை வேண்டும். கடையில் இலகுவாகக் கிடைப்பது 330 ஓம்: செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம். விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதி முதன்முறையாகப் பிள்ளைக்குப் பயன்படும் இடம் இது. நீளமான கால் நேர் என்பதையும் அன்றே அறிந்துகொள்ளும்.

இரண்டாவது, ஒரு படலை. 74எச்சி00 என்ற சில்லில் நான்கு நான்ட் படலைகள் இருக்கின்றன. 14ஆம் காலுக்கு நேர், 7ஆம் காலுக்குப் புவி. 2 முதல் 6 வோல்ற்று வரை வேலை செய்யும் என்பதால் மூன்று பென் டோர்ச் பற்றரி போதும். பாவிக்காத உள்ளீட்டுக் கால்களைத் தொங்கவிடாமல் நேருக்கோ புவிக்கோ இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்று நினைத்தபடி ஆடும். இதெல்லாம் சில்லின் தரவுத்தாளில் இருக்கிறது. தரவுத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு நன்மைதான். தேவைக்காக வாசிக்கும் ஆங்கிலம் பிள்ளையின் மனதில் நிற்கும்.

மூன்றாவது, மேலே சொன்ன அரைக்கூட்டி. பிறகு முழுக்கூட்டி, பிறகு நான்கு பிட் கூட்டி.

நான்காவது, ஆர்டுயினோ போன்ற ஒரு பலகை. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது அது. ஊனோ பலகையில் இருக்கும் சில்லுக்கு 32 கிலோபைட்டு நிரல் இடமும் 2 கிலோபைட்டு நினைவகமும் மட்டும்தான். அதற்குள் வயலுக்குத் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவியும் செய்யலாம், பாடசாலை மணியைத் தானாக அடிக்கவும் வைக்கலாம்.

பொருட்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டு வாங்கி வரலாம். இணையத்தில் தருவிக்கலாம். தொடக்கப் பொருட்களின் மொத்தச் செலவு ஒரு பாடத்தின் ஓரிரு மாத டியூசன் காசுக்குள் அடங்கும். பல பிள்ளைகள் சேர்ந்து பாவித்தால் இன்னும் குறையும். அதுவும் முடியாத பிள்ளை டிங்கர்காட், லொஜிசிம் போன்ற இலவச மென்பொருட்களில் சுற்றை வரைந்து இயக்கிப் பார்க்கலாம். ஆனால் திரையோடு நின்றுவிடக் கூடாது. தளர்ந்த கம்பியைத் தேடிப் பிடிக்கும் பொறுமையைத் திரை கற்றுத் தராது.

*பாதுகாப்பு*

பெற்றோரின் பயத்தை நாங்கள் சின்னதாக எடுக்கவில்லை. நம் சுவரில் இருப்பது 230 வோல்ற்று, அது மன்னிக்காது. ஆகவே ஒரு சட்டம்: பழகும் பிள்ளை பற்றரியோடும் 5 வோல்ற்றோடும் மட்டுமே நிற்க வேண்டும். மைக்ரோவேவ், பழைய குழாய்த் தொலைக்காட்சி, கணினியின் மின்வழங்கிப் பெட்டி ஆகியவற்றைத் திறக்கவே கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் அவற்றின் கொள்ளளவிகளில் ஆபத்தான ஏற்றம் மிஞ்சியிருக்கலாம். வீங்கிய போன் பற்றரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பற்றாசு பிடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முடிந்ததும் கையைக் கழுவிய பின்தான் சாப்பாடு, ஏனெனில் பற்றாசில் ஈயம் இருக்கலாம். "தொடாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளை நாம் இல்லாத நேரத்தில் தொடும். எதை, எப்படித் தொடலாம் என்று சொல்லிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

*"இதால என்ன பிரயோசனம் சேர்?"*

நியாயமான கேள்வி. இதைப் படித்தால் உடனே தொழில் கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது பொய். ஆனால் 2022ஐ மறந்துவிட வேண்டாம். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டொலர் இல்லாததால் பொருட்களும் வரவில்லை, வந்தவை கை வைக்க முடியாத விலை. அந்த நாட்களில், ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றையும் அம்பியரையும் வாசித்து, பொருத்தமான பற்றரியில் அதை ஓடவிடத் தெரிந்த ஒரு பொடியன் தெருவுக்கே தேவைப்பட்டான். இறக்குமதி நின்றால் கையும் நின்றுவிடும் சமூகமாக நாம் இருக்கக் கூடாது.

பரீட்சைக்கும் இது இடைஞ்சல் இல்லை. சாதாரண தர விஞ்ஞானத்திலும் தகவல் தொழினுட்பத்திலும், உயர்தரப் பௌதிகவியலிலும், 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவிலும் இவை பாடமாகவே இருக்கின்றன. கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் கையால் செய்யும் பிள்ளை அந்த அலகுக்குத் தனியாக டியூசன் தேட வேண்டிய தேவை குறையும்.

பெண்பிள்ளைகளை இதில் தவிர்க்க வேண்டாம். தையலில் நுணுக்கமாக நூல் கோர்க்கும் கைக்குப் பற்றாசு பிடிப்பது கஷ்டமே அல்ல. மேசையில் செய்யும் வேலை, வீட்டிலிருந்தும் செய்யலாம்.

இன்னொரு விடயம். 1206இல் இயந்திரங்கள் பற்றிய நூலை எழுதி முடித்த அல்-ஜஸரியை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் அவர் கையால் செய்தவர். நீர்க் கடிகாரத்தை எப்படிப் பொருத்துவது என்று பாகம் பாகமாக எழுதி வைத்தவர். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டில் ரேடியோவைக் கழற்றிய பிள்ளைக்கு அடி போடுவது பொருத்தமா?

*நம்மால் செய்யக்கூடியது*

ஒவ்வோர் ஊரிலும் ஒரு நூலகத்திலோ, கழகக் கட்டடத்திலோ, பாடசாலையின் ஓர் அறையிலோ ஒரு மேசையை ஒதுக்குவோம். வீட்டில் தூசு பிடித்துக் கிடக்கும் பழைய போன் சார்ஜர், ரேடியோ, பிரிண்டர் ஆகியவற்றை அங்கே கொடுப்போம். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல், தொழினுட்ப பீடங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது இரண்டு மணித்தியாலம் தரட்டும். போன் திருத்தும் தம்பிமாரையும் அதே மேசைக்கு ஆசிரியராக அழைப்போம். அவர்களுக்குத் தெரிந்தது எங்கள் பலருக்குத் தெரியாது. பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த முறை கேடயம் வாங்கும் காசில் ஒரு பகுதியைப் பல்மானிக்கும் பிரெட்போட்டுக்கும் ஒதுக்கட்டும்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று பின்னேரம் உங்கள் பிள்ளை எதையாவது கழற்றிக்கொண்டிருந்தால் ஏசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பற்றரி வெளியே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு, "இது என்ன மகன்? இது என்ன வேலை செய்யும்?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் இருவருமாகத் தேடிப் பாருங்கள்.