சாமி பேரு போட்டா நல்ல படமா?



நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. சாமி படம் எது வந்தாலும் குடும்பத்தோட போய்ப் பாருங்க, புண்ணியம், பத்து பேருக்கு அனுப்புங்க என்று வருது. படம் நல்லா இல்லைனு யாராவது ஒரு வரி எழுதினா "சாமி குத்தம்" என்று வாயை அடைக்கிறாங்க. தொண்டர்கள் நாங்க இதைப் பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்கோம். இப்ப பேசியே ஆகணும்.

2023-ல் ஆதிபுருஷ் வந்துச்சு. ஒவ்வொரு தியேட்டரிலும் அனுமனுக்கு ஒரு நாற்காலி காலியா விடப்படும்னு அறிவிச்சாங்க. அதைப் படிச்சதுமே நம்ம ஆளுங்களுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நாங்களும் வேன் எடுத்துப் போனோம். ராமாயணம் தெரிஞ்ச பாட்டிமார்களும் கூட வந்தாங்க. திரையில அனுமன் பேசுற பேச்சு, பசார் மாலாமில் இடத்துக்குச் சண்டை போடுறவன் பேச்சு. இலங்கை, பிள்ளைங்க கைப்பேசியில விளையாடுற கேம் மாதிரி. ராவணன் பாம்புகளை உடம்பு மேல விட்டுப் பிடிச்சு விடச் சொல்லிப் படுத்திருக்கான்! இதுக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாம். எதிர்ப்பு கிளம்பினதும், படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வசனத்தை மாத்தினாங்க. அப்போ குத்தம் யாருது? குறை சொன்னவனுதா, எழுதினவனுதா?

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க. சரக்கு சரியில்லைனா ரிஜெக்ட் போடுறதுதான் எங்க வேலை. பெட்டி மேல முருகன் படம் ஒட்டியிருக்குனு யாரும் பாஸ் பண்ணிவிட மாட்டோம்.

குறை சொல்றது பாவம்னு நினைக்கிறவங்க திருவிளையாடல் படத்தை இன்னொரு தடவை உட்கார்ந்து பாருங்க. 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது. பாட்டை எழுதிக் கொடுத்தவர் சிவபெருமான். அதில பிழை இருக்குனு சபையில எழுந்து சொல்றவர் நக்கீரர். அந்த நக்கீரரா நடிச்சவரும் நாகராஜன்தான். சாமி நெற்றிக்கண்ணைத் திறந்து காட்டியும் மனுஷன் பின்வாங்கல. அந்தப் புலவரைத்தான் நாம இன்னைக்கும் கையெடுத்துக் கும்பிடுறோம். நம்ம சமயத்துல கேள்வி கேட்டவனுக்கு இடம் இருக்குங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

அந்தப் படத்துல கிராபிக்ஸ் ஒன்னும் பெருசா இல்லை. இன்னைக்குப் பாத்தா செட்டு அட்டைனு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா தருமியா வர்ற நாகேஷ், பரிசுப் பணம் தனக்குக் கிடைக்கலையேனு கோவில்ல தனியா நின்னு புலம்புவாரு பாருங்க, வறுமை என்னன்னு தெரிஞ்சவன் எவனும் அதைச் சிரிச்சுட்டு மட்டும் விட்டுட முடியாது. பாணபத்திரருக்காகச் சிவாஜி விறகு சுமந்து வர்றாரு. கடவுள் ஏழைக்கு வேலைக்காரனா வர்றாருங்கிறது ஒரு பிரசங்கம் இல்லாம மனசுல இறங்குது. கதை, வசனம், நடிப்பு, கே.வி. மகாதேவன் இசை எல்லாத்துலயும் உழைப்பு இருக்கு. உழைப்பு இருந்தா பக்தி தானா வருது. வேப்பிலையும் சூலமும் காட்டி நம்மைப் பயமுறுத்துற அம்மன் படங்களைப் பத்தி என்ன சொல்றது, விடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றோம். நவராத்திரிக்கு ஒரு நாள் ஆலய மண்டபத்துல படம் போடலாம்னு நிர்வாகத்துல பேச்சு. எங்க பரிந்துரை ஜகாட். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த நம்ம மலேசியத் தமிழ்ப் படம், 2015-ல் வந்தது. அடுத்த வருஷமே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம்னு பரிசு வாங்குச்சு. தோட்டத்தை விட்டு வெளியேறின குடும்பம், புறம்போக்கு வீடு, பள்ளிக்கூடத்துல அடி, வீட்டுல அடி, கடைசியில அப்போய்ங்கிற பையன் குண்டர் கும்பல் பக்கம் சாயுறான். அதே வருஷம் கபாலிக்கு அத்தனை வரிசை நின்னுச்சு. ஜகாட் பேரைச் சொன்னா இன்னும் பாதிப் பேர் அப்படி ஒரு படமாங்கிறாங்க.

நிர்வாகத்துல ஒரு பெரியவர், அது குண்டர் படம், கோவிலுக்கு ஆகாதுனு சொல்லிட்டாரு. அவர் மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா ஐயா, தேர்த் திருவிழாவுல வடம் பிடிக்கிற நம்ம பையன்கள் சில பேரு ராத்திரி எந்தக் கடை முன்னாடி, யாரு கூட நிக்கிறாங்கனு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போன தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல்ல எங்க கூட மோர் ஊத்தின பையன் இப்ப கோவில் பக்கமே வர்றதில்லை. அவனைப் பத்தின படத்தைக் கோவில்ல போடாம வேற எங்க போடுறது? சன்னிதி முன்னாடி போடச் சொல்லல, மண்டபத்துலதான் கேக்கிறோம். சின்னப் பிள்ளைங்க வேணாம்னா பெற்றோர்களுக்கு மட்டுமாவது போடுங்க.

ஞாயிறு காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல இதைப் பத்திக் கூட்டம் இருக்கு. வாட்ஸ்அப்ல கை கூப்புற படத்தை அனுப்பிட்டு வீட்டுல இருந்துடாதீங்க. நேரா வந்து, எங்க முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறோம்.