ஒலிவாங்கி யார் கையில்?

முகாம் வாழ்க்கை கண்டவர்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. வாசலில் நான்கு நிறுவனங்களின் நான்கு வாகனங்கள் நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் நீண்ட அன்ரெனா ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே கரகரவென்று பேச்சுக் கேட்கும். ஆனால் முதலாவது வாகனத்தில் இருப்பவருக்கு நான்காவது வாகனத்தோடு பேச வழியில்லை. அலைவரிசை வேறு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இதை நாம் நேரிலே கண்டோம். ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோருக்கு ஒரே நாளில் இரண்டு தடவை பாய்களும் பாத்திரங்களும் வந்து இறங்கின. இரண்டு கட்டை தூரத்திலிருந்த கோயில் மண்டபத்துக்கோ மாலைவரை குடிதண்ணீரே வரவில்லை. எவரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நிவாரண நிறுவனங்கள் கம்பியில்லாத் தொடர்பைத் தனித்தனியாக வைத்திராமல் ஒரே வலையமைப்பாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றோம். இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கின்றதே, இனி இது எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைபேசி கோபுரத்தை நம்பியது. கோபுரம் மின்சாரத்தை நம்பியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் கோபுரங்களும் பல மாவட்டங்களில் ஒன்றாகவே விழுந்தன. கோபுரம் நின்றாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்புக் கிடைக்காது.

வானொலிக் கருவி அப்படியல்ல. ஒரு கருவி மற்றக் கருவியோடு நேரே பேசும். கையில் பிடிக்கும் சிறிய கருவி சில கிலோமீற்றர்வரை எட்டும். உயரமான தண்ணீர்த் தாங்கியிலோ மலையிலோ ஓர் அஞ்சல் கருவியை வைத்தால் அதே பேச்சு ஒரு மாவட்டத்தின் பெரும்பகுதிக்குக் கேட்கும். சிற்றலைக் கருவியோ வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும். இதற்கு வேண்டியது 12 வோல்ற் பற்றரி ஒன்று. உழவு இயந்திரத்தின் பற்றரியே போதும். தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட மக்கள் நாம். எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 அன்று காலை 8.30 மணியளவில் அலை கிழக்குக் கரையை அடித்தது. தெற்கே பெரேலியவில் புகையிரதத்தை அது அடித்தபோது மணி ஏறக்குறைய 9.30. இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. கிழக்கில் அழிவைக் கண்டவர்களின் குரல் தெற்குக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இதை எண்ணும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

அதன் பின்னர் அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, விக்டர் குணதிலக்க தலைமையிலான அமெச்சூர் வானொலியாளர் சிலர் சிற்றலைக் கருவியோடு அங்கே போய்க் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினர். பொழுதுபோக்குக்காக வானொலி பழகியவர்கள் அவர்கள். பெரிய நிறுவனம் எதுவும் அவர்களுக்குப் பின்னால் இருக்கவில்லை.

அனர்த்த காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளை எல்லை கடந்து கொண்டுவரவும் பயன்படுத்தவும் இடமளிக்கும் தம்பேரே உடன்படிக்கை 1998இல் எழுதப்பட்டது. இலங்கை அதை 1999இலேயே ஏற்றுக்கொண்டது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்த நாள் 2005 ஜனவரி 8. ஆழிப்பேரலை வந்து இரண்டு கிழமை கழிந்திருந்தது! அதே 2005இல் ஐ.நா. தன் நிவாரண ஒழுங்கைத் திருத்தியது. இன்று உலக உணவுத் திட்டம் அவசரகாலத் தொலைத்தொடர்புக்குத் தலைமை வகிக்கின்றது. 2013இல் பிலிப்பைன்ஸின் தக்லோபானிலும், 2015இல் நேபாள நிலநடுக்கத்தின் பின்பும் இந்த முறையில் பல நிறுவனங்கள் பொதுவான வானொலியையும் செய்மதி வழி இணையத்தையும் பயன்படுத்தின. ஆளுக்கொரு செய்மதித் தட்டு, ஆளுக்கொரு தொழில்நுட்பவியலாளர் என்ற வீண்செலவும் இதனால் குறைகின்றது.

பொது அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசமுடியாது. ஆகவே முறை வேண்டும். ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய எம் விவசாயிகளுக்கு இது புரியும். வட்டவிதானையார் இல்லாத வாய்க்காலில் கடைசி வயல் காய்ந்துதான் போகும். மாவட்டச் செயலகத்திலுள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவே இந்த வட்டவிதானை வேலையைச் செய்யலாம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் அதற்கான அமைப்பு உண்டு. நிறுவனங்கள் தத்தம் பெயர்ப்பலகையைக் காப்பாற்றுவதில் காட்டும் அக்கறையே பெருந்தடை. எமது திருச்சபை சார்ந்த நிறுவனங்களையும் சேர்த்தே இதைச் சொல்கின்றோம்.

ஆயினும் எமது மனக்குறை வேறொன்று. வெளிநாடுகளில் அமைந்த நல்ல வலையமைப்புகள்கூடப் பெரும்பாலும் நிறுவனங்கள் தமக்குள் பேசுவதற்காகவே எழுந்தன. இடம்பெயர்ந்தவர் அதில் எண்ணிக்கையாக மட்டும் வருகின்றார். இத்தனை குடும்பம், இத்தனை மூடை அரிசி. முகாமில் கிணறு மாசுபட்டது முதலில் தெரிவது அங்கே தண்ணீர் அள்ளும் பெண்ணுக்கு. குளம் வான்பாயப் போகின்றது என்று முதலில் உணர்வது கட்டில் நிற்கும் கமக்காரன். அவர்கள் கையில் ஒலிவாங்கி இல்லாவிட்டால் வலையமைப்புப் பாதிதான். ஆழிப்பேரலைக்குப் பின் சர்வோதயமும் லேர்ன்ஏசியா நிறுவனமும் 32 கரையோரக் கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தபோது கருவிகளோடு கிராமத்தவரின் பயிற்சியையும் ஒழுங்கமைப்பையும் சேர்த்தே பார்த்தன. அது சரியான வழி.

ஒரு சங்கடமும் உண்டு. பொது அலைவரிசையில் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள். நோயாளியின் பெயர், தனித்திருக்கும் பெண்ணின் கூடார இலக்கம் போன்றவற்றை அதில் வாசிக்கக்கூடாது. கருவி வைத்திருப்பவரைச் சந்தேகக்கண்ணோடு பார்த்த காலத்தையும் நாம் மறக்கவில்லை. அதனால்தான் அனுமதிப்பத்திரம் எழுத்தில், அமைப்பின் பெயரில், வெள்ளம் வருவதற்கு முன்பே வழங்கப்பட வேண்டும் என்கின்றோம். தண்ணீர் கழுத்துக்கு வந்தபின் விண்ணப்பப் படிவம் நிரப்ப முடியாது.

அடுத்த மாரிக்கு முன்னர் உங்கள் பிரதேச செயலகத்தில் அனர்த்தக் கூட்டம் கூடும்போது கமக்காரர் அமைப்பிலிருந்தும் மாதர் சங்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் போங்கள். எமது கிராமத்துக்குக் கருவி உண்டா, அதை யார் வைத்திருப்பார், இரவில் பற்றரி எங்கே ஏற்றுவது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கும் எழுதி அனுப்புங்கள்.