கிரேட் நிக்கோபார்: கப்பலோடு வந்து இறங்கும் ஆபத்து

கிரேட் நிக்கோபார் தீவுத் திட்டம் குறித்த விவாதம் பெரும்பாலும் மரங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நடைபெற்று வருகிறது. 166 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவை அமையவிருக்கின்றன. இதற்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வனநிலம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று 2023-இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. எண்ணிச் சொல்லக்கூடியவை என்பதால் இவை செய்தியாகின்றன. எண்ணப்படாத ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது வெட்டப்படுவதைப் பற்றியதன்று. வந்து இறங்கப்போவதைப் பற்றியது.

துறைமுகம் அமையும் கலாத்தியா விரிகுடா, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கடற்கரை. நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று அழைப்பது இதைத்தான். நிக்கோபார் மெகாபோடு என்னும் பறவையின் வாழிடமும் அதுவே. இவ்விரண்டுக்கும் பவளத்திட்டுகளுக்கும் ஈடாக, 2022-இல் அரசு மூன்று புதிய சரணாலயங்களை உருவாக்கியது. ஆமைகளுக்கு லிட்டில் நிக்கோபார் கடற்கரை, பவளங்களுக்கு மெரோ தீவு, மெகாபோடுக்கு மெஞ்சல் தீவு. காகிதத்தில் பார்த்தால் கணக்கு நேராகி விடுகிறது. ஆனால், மெஞ்சலின் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. என் ஐயம் அங்கேதான் தொடங்குகிறது.

மெகாபோடு விந்தையான பறவை. பார்வைக்குக் காட்டுக்கோழி போலிருக்கும். ஆனால், முட்டையின் மீது அமர்ந்து அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் கால்களால் வாரிக் குவித்துப் பெரிய மேடு அமைக்கிறது. அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டு, மட்கும் இலைகளின் வெப்பத்திடமும் வெயிலிடமும் பொறுப்பை ஒப்படைத்து விடுகிறது. குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து, தாயின் துணையின்றித் தன் வாழ்வைத் தொடங்குகிறது. ஒரே இடத்தில், தரையில், பல வாரங்கள் காவலின்றிக் கிடக்கும் முட்டைகள் என்றால், மோப்பம் பிடிக்கத் தெரிந்த எந்த விலங்குக்கும் அது திறந்து வைத்த களஞ்சியம்.

பிறகு எப்படி இப்பறவை பிழைத்து வந்திருக்கிறது? மெகாபோடு குடும்பத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, நியூ கினி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றைச் சேர்ந்தது. இடையிலுள்ள சுமத்ராவில் அது இல்லை. நிக்கோபாரில் மட்டும் தனித்து நிற்கிறது. 1989-இல் ரெனே டெக்கர் என்னும் டச்சு ஆய்வாளர் இந்தப் பரவலை ஆராய்ந்து, அதன் மேற்கு எல்லையை வகுத்தவை பூனைக் குடும்பத்து விலங்குகளும் புனுகுப்பூனை இனங்களுமே என்று வாதிட்டார். அவை நிறைந்த நிலத்தில் மெகாபோடு நிலைக்கவில்லை. நிக்கோபார் காடுகளில் நீர் உடும்பும் மலைப்பாம்பும் உண்டு. அவற்றோடு வாழ அப்பறவை நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. பூனை அங்கே இயற்கையில் இல்லை. ஆக, மெகாபோடு அங்கே வாழ்வதற்குக் காட்டின் செழுமை மட்டும் காரணமன்று. யார் அங்கே இல்லை என்பதும் காரணம்.

இரைகொல்லிகள் இல்லாதிருந்த தீவில் புதிய இரைகொல்லி ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் பஹாமாஸ் தீவுக்கூட்டத்தில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே நூற்றுக்கணக்கான குறுந்தீவுகள் உள்ளன. அவற்றில் அனோல் எனப்படும் சிறிய ஓணான்கள் வாழ்கின்றன. தாமஸ் ஷோனர், டேவிட் ஸ்பில்லர், ஜோனதன் லோசோஸ் ஆகிய மூவரும் சில தீவுகளில் மட்டும் அனோல்களைத் தின்னும் பெரிய சுருள்வால் ஓணான்களை விட்டனர். மற்றத் தீவுகளை ஒப்பீட்டுக்காக அப்படியே வைத்தனர். இரைகொல்லி வந்த தீவுகளில் அனோல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதுவரை வியப்பில்லை.

1999-இல் ஃபிளாய்டு புயல் அத்தீவுகளின் மீது கடலை ஏற்றியது. இரண்டு மாதம் கழித்துச் சென்று பார்த்தபோது வளர்ந்த அனோல் ஒன்றுகூட இல்லை. அண்மையில் பொரித்த குஞ்சுகள் மட்டுமே இருந்தன. வெள்ளத்தைத் தாண்டி உயிர் பிழைத்தவை முட்டைகள் மட்டுமே போலும். இரைகொல்லி இல்லாத தீவுகள் எல்லாவற்றிலும் அந்தக் குஞ்சுகளிலிருந்து கூட்டம் மீண்டும் பெருகிப் பழைய அளவை எட்டியது. இரைகொல்லி விடப்பட்ட தீவுகளில் மூன்றில் இரண்டு பங்கில் அனோல்கள் அடியோடு அழிந்தன. 2001-இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வு எனக்கு உணர்த்துவது இதுதான்: புயலும் இரைகொல்லியும் தனித்தனியே தாங்கக்கூடியவையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கு செல்லாது.

இன்னொரு சோதனை இதைவிட நுட்பமானது. 16 குறுந்தீவுகளில் ஆறு ஆண்டுகள் நடந்தது. ராபர்ட் பிரிங்கிள் தலைமையிலான குழுவினர் 2019-இல் அதன் முடிவை வெளியிட்டனர். தரையை ஒட்டி வாழும் பழுப்பு அனோலும், மரத்தின் மேலே வாழும் பச்சை அனோலும் ஒரே தீவில் வேறு வேறு தளங்களில் ஒன்றாக வாழ முடிந்தது. சுருள்வால் ஓணான் வந்ததும் பழுப்பு அனோல் அச்சத்தால் மரமேறியது. மேலே இடமும் இரையும் போதவில்லை. பச்சை அனோல் நெருக்கடிக்குள்ளாகிச் சில தீவுகளில் மறைந்தே போனது. அதைப் பெரும்பாலும் அழித்தது வேட்டையன்று. வேட்டைக்கு அஞ்சிய அண்டை வீட்டான் தந்த நெருக்கடி. உயிரினங்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் இதுபோன்ற ஒன்றை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பஹாமாஸின் குறுந்தீவு எங்கே, ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரேட் நிக்கோபார் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், தீவின் பரப்பு முழுவதும் எல்லா உயிருக்கும் உரியதன்று. மெகாபோடு முட்டை மேடு கட்டுவது பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய காட்டில். ஆமை முட்டையிடுவது மணலில். அவற்றைப் பொறுத்தவரை அந்தத் தீவு கரையோரமாக ஓடும் ஒரு மெல்லிய நாடாதான். மெஞ்சலோ உண்மையிலேயே குறுந்தீவு.

அந்த நாடாவின் மீது கடல் ஏறியதை நாம் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீவின் தென்முனையான இந்திரா முனை நாலேகால் மீட்டர் அளவுக்குக் கீழிறங்கியது. அதன் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. 2006-இல் நடந்த கணக்கெடுப்பில், நிக்கோபார் கடலோரங்களில் மெகாபோடு எண்ணிக்கை 12 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்திருந்தது. எஞ்சியவை சுமார் 800 இணைகள். ஃபிளாய்டு புயலுக்குப் பின் எஞ்சிய முட்டைகளைப் போன்றவை இந்த 800 இணைகள். இவை பெருகுவதும் பெருகாததும் கரையில் இனி யார் நடமாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது சுமார் 8,000 பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. மனிதர் குடியேறிய தீவுகளிலெல்லாம் அவர்களோடு எலியும் பூனையும் நாயும் வந்திருக்கின்றன. அந்தமான் நிக்கோபார் கடற்கரைகளில் நாய்கள் ஆமைக் கூடுகளைத் தோண்டி முட்டைகளைத் தின்பது ஏற்கெனவே பதிவான செய்தி. துறைமுகம் என்றால் அதோடு சரக்கும் சேர்கிறது. பசிபிக்கில் உள்ள குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போரையொட்டி ராணுவச் சரக்கோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த 12 வனப்பறவை இனங்களில் 10-ஐத் தீவிலிருந்து ஒழித்தது. அங்கிருந்து புறப்படும் விமானங்களையும் பெட்டகங்களையும் இன்றும் மோப்ப நாய்களைக் கொண்டு சோதிக்கிறார்கள்.

நம் அந்தமானிலேயே சான்று உண்டு. பிரிட்டிஷார் கொண்டு வந்து விட்ட புள்ளிமான்கள், அவற்றைக் கொல்லும் விலங்கு இல்லாததால் பெருகிக் காட்டின் கீழ்த்தளத்தை மேய்ந்து வெறுமையாக்கின. புதர்களை நம்பியிருந்த ஓணான், பல்லி வகைகளும் அங்கே குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பிற்காலத்தில் வந்தது இந்தியப் பெருந்தவளை. வயலோரங்களில் மழைக்காலத்தில் மஞ்சள் நிறத்தில் கத்தும் நம் ஊர்த் தவளைதான். மீன்குஞ்சுகளோடு கலந்து சென்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதன் தலைப்பிரட்டைகள் தீவின் தவளைகளுடைய தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்ப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் சட்டத்தின் குறை வெளிப்படுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், அயல் ஊடுருவல் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை முதன்முறையாக மத்திய அரசுக்கு அளித்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், அத்திருத்தம் அயல் இனம் என்பதற்கு இந்தியாவைத் தாயகமாகக் கொண்டிராத இனம் என்றே பொருள் தருகிறது. அந்தமானில் புள்ளிமான் அயலான்; சட்டத்தின் கண்ணுக்கு அது இந்தியன். பெருந்தவளையும் அப்படியே. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறும் எந்த உயிரையும் இந்த விதி தடுக்காது. நாட்டு எல்லையை உயிரினங்களின் எல்லையாக எண்ணிவிட்ட இந்தப் பிழையைத் திருத்த, ஒவ்வொரு தீவுக்கூட்டத்தையும் தனி நிலப்பகுதியாகக் கொள்ளும் ஒரு வரி போதும். பாதுகாப்புக் கருதித் துறைமுகம் தேவை என்று வாதிடுவோரும் இதை எதிர்க்கக் காரணமில்லை.

மற்றொன்று நடைமுறை சார்ந்தது. 72,000 கோடி ரூபாய் என்று தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட திட்டத்தில், கப்பலிலிருந்து இறங்கும் பெட்டகங்கள், கட்டுமானப் பொருள்கள், மண், செடிகள், மீன்குஞ்சுகள் ஆகியவற்றைச் சோதிக்கும் நிலையம் முதல் கட்டப் பணிகளிலேயே இடம்பெற வேண்டும். நகரம் எழுந்த பிறகு நாய்களுக்குக் கருத்தடை செய்து கொண்டிருப்பதைவிட இது மலிவானது. தொழிலாளர் குடியிருப்புகளின் குப்பை திறந்தவெளியில் கிடக்கலாகாது. எலிகளுக்கும் நாய்களுக்கும் முதல் உணவு அதுவே.

மெஞ்சலையும் மெரோவையும் பொறுத்தவரை, அவை நிக்கோபாரி மக்களின் மரபுரிமைத் தீவுகள். அங்கே எப்போது போகலாம், எதை எடுக்கலாம் என்பதற்குத் தமக்குள் நெறிகளை வைத்திருப்பவர்கள் அவர்கள். கரையில் புதிதாக எது நடமாடினாலும் முதலில் காணப்போகிறவர்களும் அவர்களே. அவர்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு தீவுகளிலும் எலி, பூனை, நாய் பற்றிய கணக்கெடுப்பைக் கட்டுமானம் தீவிரமடைவதற்கு முன் நடத்தி, அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். சில பருவங்கள் பொறி வைத்து, தானியங்கிக் கேமரா பொருத்திப் பார்த்தால் முடிகிற வேலை அது.