புல் வெட்டவும் படிப்பு வேண்டும்!

"புல் வெட்டுவதற்கு ஒரு படிப்பா? மாட்டை அவிழ்த்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளாதா?"

தோட்ட வேலைக்குப் பயிற்சி என்று பேச்செடுத்தால், பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. ஏராளமான குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை. சில சமயம் உயிர்ப் பிரச்சினையும் கூட!

இன்று எங்கே பார்த்தாலும் புல்தரை. ஆஸ்பத்திரி வாசலில் புல்தரை. கல்லூரியில் புல்தரை. ஓட்டலில், கம்பெனியில், அடுக்குமாடி வீடுகளில், நகராட்சிப் பூங்காவில், விளையாட்டு மைதானத்தில் எல்லாம் புல்தரை. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வருகிற ஆள் யார்? பெரும்பாலும் கிராமத்தில் வயல் வேலை குறைந்து, பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவர். முதல் நாளே அவர் கையில் ஒரு ரப்பர் குழாயைக் கொடுக்கிறார்கள். புல் வெட்டும் யந்திரத்தைக் காட்டுகிறார்கள். "போய் வெட்டு" என்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

தையல் வேலைக்குப் பயிற்சி உண்டு. மின்சார வேலைக்குப் பயிற்சி உண்டு. கார் ஓட்டப் பயிற்சி உண்டு. தோட்டக்காரருக்கு மட்டும் ஏன் கூடாது?

அருகம்புல்லின் கதை

பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்லை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டார் பணத்தைக் கொட்டி வளர்க்கும் "பெர்முடா புல்" என்பதும் அதுதான். பெர்முடா என்ற தீவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. மற்றபடி அது நம் வரப்பில் ஓடும் அதே அருகுதான்.

அமெரிக்காவில் டிப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இருந்தார். அவர் அருகம்புல்லையும், தென் ஆப்பிரிக்காவில் வளரும் அதன் இனத்தைச் சேர்ந்த மெல்லிய புல்லையும் சேர்த்து, ஒட்டு ரகங்களை உண்டாக்கினார். 1960-ம் ஆண்டு "டிப்வே" என்ற ரகம் வெளிவந்தது. இன்று வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களில் அந்தப் புல்லைப் பார்க்கலாம்.

இந்த ஒட்டு ரகத்துக்கு முளைக்கிற விதை கிடையாது. தண்டை நறுக்கி நட வேண்டும். அல்லது பத்தையாக வெட்டிக்கொண்டு வந்து பதிக்க வேண்டும். இது தெரியாதவர் கடைக்குப் போய் விதை கேட்டால், கடைக்காரர் வேறு எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார். பணம் போச்சு!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. வயலில் அருகு முளைத்தால், விவசாயி அதைக் களை என்று பிடுங்கி எறிவார். வேரோடு ஒழிப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே மனிதர் பட்டணத்துக்கு வந்து தோட்ட வேலையில் சேருகிறார். இங்கே அதே அருகைக் காப்பாற்ற வேண்டும்! ஆயுள் முழுவதும் அழித்துப் பழகிய புல்லை வளர்ப்பது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொடுக்காமல் தெரியுமா?

தண்ணீர்க் கணக்கு

அடுத்தது, தண்ணீர்.

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 1 லிட்டர். 100 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் எவ்வளவு? 2,500 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால், சுமார் 167 குடம்!

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டன. தாய்மார்கள் குடத்தோடு தெருவில் காத்து நின்றார்கள். அதை மறக்க முடியுமா? அப்படிப்பட்ட ஊரில், அளவு தெரியாமல் குழாயைத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பயிற்சி பெற்றவர் தினமும் மேலாகத் தெளிக்கமாட்டார். மேலாகத் தெளித்தால், வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டு நாள் வெயில் அடித்தால் புல் கருகிவிடும். அவர் சில நாட்களுக்கு ஒரு முறை விடுவார். ஆழமாக இறங்கும்படி விடுவார். தண்ணீரைத் தேடி வேரும் கீழே போகும். விடியற்காலையில் விடுவார். வெயிலில் வீணாகாது. இரவெல்லாம் இலை நனைந்து கிடந்து பூஞ்சை நோய் வருவதும் குறையும்.

இன்னும் ஒன்று. "ஐயா, இந்த இடத்துக்குப் புல்லே வேண்டாம். மரம் வைத்தால் நிழலாவது கிடைக்கும்" என்று சொல்லும் தைரியமும் அவருக்கு வரும். குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் புல் வேண்டும். வெறும் அழகுக்காக வேலிக்குள் பூட்டி வைக்கும் இடத்துக்கு ஏன்?

மொட்டை அடிக்காதே!

புல்லை எவ்வளவு வெட்ட வேண்டும்? "ஒட்ட வெட்டினால் பதினைந்து நாள் கவலையில்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கிரைடர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். 1955-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார். இலையில் பாதியையோ அதற்கு மேலோ ஒரே தடவையில் வெட்டினால், அடியில் வேர் வளருவதே நின்றுவிடுகிறது என்று அவர் கண்டார். மேலே வெட்டுகிறோம், கீழே அடி விழுகிறது!

அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. புல் 3 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டுமானால், நாலரை சென்டிமீட்டர் வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும்.

கத்தி மொட்டையாக இருந்தால் இலை கிழியும். நுனி பழுத்துவிடும். வெட்டிய துணுக்குகளை வாரிக் குப்பையில் கொட்ட வேண்டியதும் இல்லை. சிறு துணுக்குகள் தரையிலேயே மட்கி, புல்லுக்கு உரமாகிவிடும். செலவும் மிச்சம்.

யந்திரத்திலும் ஆபத்து உண்டு. சுழலும் கத்தி ஒரு சிறு கல்லைத் தெறித்துவிட்டால், கண் போய்விடும். கத்தியில் புல் சிக்கிக்கொண்டால், முதலில் யந்திரத்தை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை நீட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். சொல்லாமல் விட்டால், விரல் போகும். ஆயுள் முழுவதும் கஷ்டம்.

உரமும் விஷமும்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 100 சதுர மீட்டர் புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சுமார் 1 கிலோ போதும். தூவியதும் தண்ணீர் விட வேண்டும். "கூடப் போட்டால் கூட வளரும்" என்று அள்ளி வீசினால், புல் தீயில் வாட்டியதுபோல் ஆகிவிடும்.

உரத்தால் புல்தான் கருகும். பூச்சி மருந்தால் மனிதனே போய்விடுவான்!

1958-ம் ஆண்டு ஒரு பயங்கரம் நடந்தது. பாரத்தியான் என்ற பூச்சி மருந்து உணவுப் பொருளில் கலந்துவிட்டது. கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-ம் ஆண்டு அதற்கு விதிகள் வந்தன.

மருந்து டப்பாவில் வர்ண அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள். அதற்கும் அடுத்தது நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. பச்சை என்பதற்காக அது பால் அல்ல. அதுவும் விஷந்தான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் இந்த வர்ணம் புரியும். ஆனால் வர்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் சொல்ல வேண்டாமா?

2017-ம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில், பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இவ்வளவு சட்டம் இருந்தும் இந்தக் கதி! சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. மருந்து அடிக்கிற கைக்குத் தெரிய வேண்டும்.

படிப்பு எங்கே இருக்கிறது?

படிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தொழிற் பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில், மலர் வளர்ப்பும் தோட்டம் அமைப்பதும் சேர்ந்த ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மலர் வளர்ப்புக்கும் நிலத்தை அழகுபடுத்தும் கலைக்கும் ஒரு துறையே இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2015-ம் ஆண்டு தொடங்கிய திறன் வளர்ப்புத் திட்டத்திலும் தோட்டக்காரர் வேலை இடம் பெற்றது. அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கவும் அதில் வழி செய்தார்கள். கிரிக்கெட் வாரியமும் மைதானம் பராமரிப்போருக்குப் பயிற்சி நடத்துகிறது.

அப்படியானால் குறை என்ன?

யாருக்குப் படிப்பு அவசியமோ, அவர் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. ஓராண்டுப் படிப்புக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். இவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வகுப்புக்குப் போனால் அன்றையக் கூலி போய்விடும். கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பிறகு எப்படிப் படிப்பார்?

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, படிப்பு மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. மற்ற நாட்களில் வேலை செய்யும் இடத்திலேயே பழக்கம்.

இரண்டாவது, கற்கிற நாளுக்கும் பணம் கொடுக்க வேண்டும். தொழில் பழகுகிறவருக்கு உதவித்தொகை கொடுக்க 1961-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அந்த முறையைத் தோட்ட வேலைக்கும் தாராளமாகக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, பாடம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தும் படமும் உள்ள சிறு புத்தகம் போதும். பரீட்சையைப் பேனாவால் வைக்கக் கூடாது. "இந்தக் கத்தியைத் தீட்டிக் காட்டு, இந்த மருந்தை அளந்து காட்டு" என்று கையால் வைக்க வேண்டும்.

நான்காவது, பெண்களை மறக்கக் கூடாது. புல்தரையில் குனிந்து களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். யந்திரம் ஓட்டும் வேலையும், அதற்குரிய கூலியும் ஆண்களுக்கே போகிறது. யந்திரத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். சான்றிதழ் வாங்கியவருக்குக் கூலி உயர வேண்டும். உயராவிட்டால், அந்தக் காகிதம் சுவரில் தொங்கும். அடுத்த ஆள் படிக்க வரமாட்டார்.

"அப்பன் பாட்டன் படித்தா செய்தான்?"

இப்படியும் கேட்பார்கள்.

பாட்டன் காலத்தில் பெட்ரோல் யந்திரம் இல்லை. சிவப்பு முத்திரை போட்ட விஷம் இல்லை. தண்ணீரை லாரியில் வாங்கவும் இல்லை. வேலை மாறிவிட்டது. கற்பதும் மாற வேண்டாமா?

ஊட்டிக்குப் போகிறவர்கள் தாவரவியல் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குழந்தைகள் அந்தப் புல்தரையில் உருண்டு புரளுகிறார்கள். அந்தப் பூங்காவை உருவாக்க 1848-ம் ஆண்டு மக்ஐவர் என்பவர் வந்தார். அவர் பெரிய துரையோ தளபதியோ அல்ல. லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்காரர். தொழில் தெரிந்த ஒருவர் கை வைத்த இடம், இன்றும் நம் கண்ணைக் குளிர வைக்கிறது. அவருக்குப் பிறகு அதைக் காப்பாற்றி வருகிறவர்கள், பெயர் தெரியாத நம் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. உங்கள் குடியிருப்பில் ஒரு தோட்டக்காரர் இருக்கிறாரா? அவருக்குக் காலணியும் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையைப் படித்துக்காட்டச் சொன்னால், பிள்ளைக்கும் பாடம் ஆகும். பயிற்சிக்குப் போகிறேன் என்று அவர் கேட்டால், சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பி வையுங்கள்.

பச்சைப் புல்லைப் பார்த்து "ஆகா!" என்கிறோம். அதை வளர்த்தவர் வயிறும் குளிர வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.