தொழிலாளி ஏடு முதலாளி ஏடானது எப்படி?

பத்திரிகையை விரித்ததும் கொட்டை எழுத்துத் தலைப்புகளைப் படிக்கிறோம். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஏடு யாருடைய உடைமை என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதைப் படிக்கிறவர் எத்தனை பேர்? கொட்டை எழுத்தை நிர்ணயிப்பது அந்தப் பொடி எழுத்துத்தான் என்கிறோம் நாம். சான்று வேண்டுவோர் பிரிட்டனின் 'டெய்லி ஹெரால்டு' ஏட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும்.

வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற கோரிக்கைக்காக லண்டன் அச்சுத் தொழிலாளர்கள் போராடிக் கொண்டிருந்த நேரம். தங்கள் நியாயத்தை முதலாளிகளின் ஏடுகள் எடுத்துச் சொல்லும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரார் செய்திக்கெல்லாம் அச்சுக் கோத்த கைகள், தங்களுக்கென்றே ஓர் ஏட்டைக் கோத்தன. 1911 ஜனவரியில் அந்தப் போராட்ட ஏட்டுக்கு 'டெய்லி ஹெரால்டு' என்று பெயர் வைத்தார்கள். போராட்டம் ஓய்ந்ததும் ஏடும் நின்றது. 1912 ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி போன்றவர்கள் அதைத் தாங்கிப் பிடித்தனர். முதல் உலக யுத்தத்தை அது எதிர்த்தது. வார ஏடாகச் சுருங்கியதே தவிர, பணியவில்லை. 1919ல் திரும்பவும் தினசரியாயிற்று. 1922ல் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழிற்கட்சியும் அதன் பொறுப்பை ஏற்றன.

கொள்கை இருந்தது, வாசகர் இருந்தனர், பணம்தான் இல்லை. எனவே 1930ல் ஓடம்ஸ் என்ற அச்சக நிறுவனத்தோடு உடன்பாடு கண்டார்கள். நூற்றுக்கு 51 பங்கு நிறுவனத்துக்கு. 49 பங்கு தொழிற்சங்கக் காங்கிரசுக்கு. அரசியல் கொள்கை தொழிற்சங்கத்தின் பொறுப்பு. வியாபாரம் நிறுவனத்தின் பொறுப்பு. பேனா நம்மிடம், பணப்பெட்டி அவர்களிடம் என்ற ஏற்பாடு! முதலில் நன்றாகத்தான் நடந்தது. 1933ல் நாளொன்றுக்கு 20 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் பிறர் வீட்டுத் திண்ணை எவ்வளவு அகலமாயிருந்தால் என்ன? வீட்டுக்காரன் எழு என்றால் எழ வேண்டியதுதானே!

1961ல் ஓடம்ஸ் நிறுவனத்தையே 'டெய்லி மிரர்' குழுமம் விழுங்கியது. தொழிற்சங்கத்தின் 49 பங்கும் பின்னர் கைமாறியது. 1964 செப்டம்பரில் ஹெரால்டு மறைந்து, அதன் இடத்தில் 'சன்' என்ற ஏடு வந்தது.

வாசிக்க ஆளில்லாமலா ஹெரால்டு மடிந்தது? இல்லை. கடைசி நாட்களிலும் அது 12 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சீமான்கள் படித்த 'டைம்ஸ்' ஏட்டைப் போல் பல மடங்கு! சங்கத்து ஏடு சப்பென்று இருந்தது என்று குறை சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சப்பென்று இருந்த ஏட்டையா 12 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்? உண்மைக் காரணம் வேறு. தேசியத் தினசரிகளின் விற்பனையில் நூற்றுக்கு 8 பங்கு வைத்திருந்த ஏட்டுக்கு, விளம்பர வருவாயில் நூற்றுக்கு 4 பங்குகூடக் கிட்டவில்லை. அதை வாங்கியவர்கள் தொழிலாளர்கள். முதுமையை எட்டியவர்களும் பலர். அவர்கள் சட்டைப்பையில் காசு குறைவு. ஆகவே விளம்பரதாரருக்கு அவர்கள் வாசகர்களே அல்லர்!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1969ல் 'சன்' ஏட்டை ரூபர்ட் முர்டாக் வாங்கினார். 1979 தேர்தலில் அது மார்கரெட் தாட்சருக்கு வாக்குக் கேட்டது. 1984ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அவர்கள் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலை ஹிட்லராகக் காட்டும் படத்தை முதல் பக்கத்தில் போட முனைந்தது. அச்சுத் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்தார்கள்! ஏடு அந்தப் படமில்லாமல் வெளிவந்தது. இரண்டாண்டுகூட ஆகவில்லை. 1986 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்த 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நீக்கிவிட்டு, முள்வேலி சூழ்ந்த வாப்பிங் ஆலையில் தன் ஏடுகளை அச்சிட்டது முர்டாக் நிறுவனம். அச்சுத் தொழிலாளி பெற்றெடுத்த ஏடு, அச்சுத் தொழிலாளியையே வீதியில் நிறுத்தியது!

1997ல் 'சன்' தொழிற்கட்சியை ஆதரிக்கவில்லையா என்று கேட்பார்கள். ஆதரித்தது. 2009ல் அந்த ஆதரவை விலக்கியும் கொண்டது. கொடுப்பதும் பறிப்பதும் வாசகர் விருப்பத்தாலா நடந்தன? தானமாக வந்த ஆதரவுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

தோழர்களே! ஓர் ஏட்டைக் கையில் எடுக்கும்போது முதலில் பொடி எழுத்தைப் பாருங்கள். தொழிலாளிக்கென்று ஏடு வேண்டுமானால், அதன் காகிதத்துக்கும் மைக்கும் தொழிலாளியின் காசே முதலாக நிற்க வேண்டும். சந்தா சேர்ப்பதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் ஹெரால்டின் கதியை நினைத்துப் பார்க்கட்டும். அந்தச் சில்லறை சேராத இடத்தில்தான் 51 பங்கு கைமாறுகிறது!