வாசிக்க முடியாத கடதாசி

இலவச வைத்தியம் உள்ள நாட்டில் ஏழைக்கு வைத்தியச் செலவு ஏது என்று கேட்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் இலவசம், வைத்தியரும் இலவசம். அங்கே கையிருப்பில் இல்லாத மருந்து இலவசமல்ல. தவணைக்குக் காத்திருக்க முடியாமல் தனியாரிடம் எடுக்கும் ஸ்கான் இலவசமல்ல. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் ஓட்டோக் கூலியும் இலவசமல்ல. 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டில் நாடே இதைக் கண்டது.

உதவியே இல்லை என்பதல்ல என் வாதம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது. முன்பு அதற்குக் கொழும்பை நாடவேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்; மானிப்பாயாருக்குச் சண்டிலிப்பாய் போதும். நல்ல காரியம்தான். குறைந்தது பஸ் தூரம் மட்டும்.

என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தகப்பன், மேசன் தொழிலாளி, இருதயச் சத்திரசிகிச்சைக்கான கடதாசிக் கட்டோடு வந்தார். நோய் விபரம் ஆங்கிலத்தில். செலவு மதிப்பீடும் ஆங்கிலத்தில். விண்ணப்பப் படிவம் தமிழில்தான்; ஆனால் ஆசிரிய கலாசாலையில் படித்த எனக்கே அந்தத் தமிழ் இரண்டாம் வாசிப்பில்தான் விளங்கியது. “சேர், இதில என்ன எழுதிக் கிடக்கு?” என்றார். மூன்று மாதம் அதைக் காவித் திரிந்திருக்கிறார். அதற்குள் மனைவியின் தாலிக்கொடி அடைவுக்குப் போய்விட்டது.

இது நடப்பது மானிப்பாயில். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இங்கிருந்துதான் உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் இரசாயனத்தையும் தமிழாக்கினார். தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவன் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது அவர் கணக்கு. மதம் பரப்ப வந்தவர்தானே என்பீர்கள். இருக்கட்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியானபின், நோயாளியின் கையில் தமிழில் நாலு வரி கொடுக்காத நாம் அவரைக் குறைசொல்ல என்ன யோக்கியதை?

படிவத்தில் வதிவிடத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். 1990 ஒக்ரோபரில் துரத்தப்பட்டு, இன்று பாதிக் குடும்பம் புத்தளத்திலும் பாதி சோனகதெருவிலுமாக வாழ்பவருக்கு எந்தக் கிராம அலுவலர் கையொப்பமிடுவார்? துரத்தியபோது பார்த்திருந்த ஊரின் வாத்தியார் இதைக் கேட்பது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் கேட்கவேண்டும்.

வழி தெரியாதவனுக்கு மிஞ்சுவது பத்திரிகை. படுக்கையில் கிடப்பவனின் படம், வங்கிக் கணக்கு இலக்கம், ‘கருணை உள்ளங்களே’ என்றொரு தலைப்பு. கொடுப்பவரின் படமும் பிறகு வரும். ஸக்காத் பெற உரியவர்களில் கடனாளியையும் குர்ஆன் எண்ணியிருப்பது இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மருந்துக்காக நகை அடைவு வைத்தவன் கடனாளியா இல்லையா? அவனுடைய பங்கை அவனிடம் கொடுக்கப் படப்பிடிப்பாளர் எதற்கு?

நவீனத்துவம் பற்றி ஆண்டுக்கு நாலு இதழ் எழுதுகிறோம். ஒரு பிரதேச செயலகத்தின் விறாந்தையில் கிழமைக்கு ஒரு காலை குந்தியிருந்து படிவம் நிரப்பிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் ஆயத்தம்? ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த இதழில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். நோய் விபரத்தில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஊர்த்தமிழ், படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம், சேர்க்கவேண்டிய கடதாசிகள். ஒரு வைத்தியரைப் பிடித்துச் சரிபார்த்து நான் எழுதித் தருகிறேன். கதைக்கு இடம் போதாவிட்டால் என் கதையை நிறுத்திவையுங்கள்.