நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுத்தால் ரோமம் பளபளக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். "அண்ணே, வீட்டுக்கு ஒரு கிலோ. நாய்க்குக் கழுத்து, ஈரல் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ தனியா போடுங்க." முன்பெல்லாம் அந்த இரண்டாவது பொட்டலம் வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தூள் போட்டு வேகவைக்கப்படும். இப்போது பல வீடுகளில் அது அப்படியே நாயின் தட்டுக்குப் போகிறது. காரணம் கேட்டால், "பச்சையா கொடுத்தா முடி கொட்டாதாம், தோல் நல்லா இருக்குமாம்" என்கிறார்கள்.

இது முழுக்கப் பொய்யும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பச்சை உணவு முறையைப் பிரபலமாக்கியவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993-ல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான், பிறகு 'பார்ஃப்' என்று பெயர் பெற்ற எலும்பு, இறைச்சி, ஈரல், கொஞ்சம் காய்கறி என்ற கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. ஓநாய் சமைத்தா சாப்பிடுகிறது என்பது இந்த முறையை ஆதரிப்பவர்களின் கேள்வி. ஆனால், நாய் இப்போது முழு ஓநாய் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது, நாய்களிடமோ 4 முதல் 30 வரை இருக்கிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் கண்டறிந்தார்கள். நம் வீட்டுச் சோற்றை நாய் செரிப்பது இப்படித்தான்.

சரி, பச்சை இறைச்சிக்கு மாறிய நாய்களுக்கு ரோமம் மின்னுகிறதே, அது எப்படி?

அந்த நாய் அதற்கு முன்பு என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். காலையில் பால் பிஸ்கட், மதியம் தயிர் சாதம், இரவு மிச்சமிருந்த இட்லி. நாயின் முடி கிட்டத்தட்ட முழுவதுமே புரதம்தான். ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதத்தில் 25 முதல் 30 சதவிகிதம் வரை முடிக்கும் தோலுக்கும் மட்டுமே செலவாகிறது. உள்ளே வரும் புரதம் குறைந்தால் உடம்பு இதயத்துக்கும் தசைக்கும் கொடுத்துவிட்டு, முடியைக் கடைசி வரிசையில் நிறுத்திவிடும். நிறம் மங்கும், முடி சொரசொரக்கும், தடவினால் கையோடு வரும். தோலின் ஈரப்பதத்தைக் காப்பது லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு. கோழித் தோலில் அது நிறைய இருக்கிறது, தயிர் சாதத்தில் பெயருக்குத்தான் இருக்கும். துத்தநாகச் சத்துக்கும் இதே கதைதான். அது குறைந்தால் மூக்கு, கண் ஓரங்களிலும் பாதத்திலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும்.

இப்படி இருந்த நாய்க்குத் திடீரென்று தினமும் இறைச்சியும் ஈரலும் கிடைத்தால் ரோமம் மின்னாமல் என்ன செய்யும்? மாற்றத்தைக் கொண்டுவந்தது இறைச்சி. அது பச்சையாக இருந்தது என்பதல்ல காரணம். அதே இறைச்சியை வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்தாலும் புரதமும் கொழுப்பும் துத்தநாகமும் போய்ச் சேரும்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது, தூங்கும். பெரும்பாலான நாய்களுக்கு இந்தக் கிருமியால் ஒன்றும் ஆகாது என்பதுதான் இதிலுள்ள சிக்கலே. நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும், கிருமி அதன் மலத்திலும் வாயிலும் வந்துகொண்டிருக்கும். அதே வாயால் தவழும் குழந்தையின் முகத்தை நக்கும். பாட்டியின் மடியில் தலை வைக்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே சொன்னதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

நம் ஊரில் இதைவிடக் கவனிக்க வேண்டியது ஆட்டின் ஈரலும் நுரையீரலும். அவற்றில் ஒருவகை நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். பச்சையாகச் சாப்பிடும் நாயின் குடலில் புழு வளரும், முட்டைகள் மலத்தில் வெளியேறும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும் மனிதருக்குள் அந்த முட்டை போனால், ஈரலிலோ நுரையீரலிலோ 'ஹைடாடிட்' கட்டி வரலாம். பல வருடங்கள் சத்தமில்லாமல் வளர்ந்து, கடைசியில் ஆபரேஷன் வரை கொண்டுபோகும் கட்டி இது. கறிக்கடைக்காரர் அன்போடு சும்மா போட்டுக் கொடுக்கும் நுரையீரலை நன்றாக வேகவைத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் தவறக் கூடாது.

நாய்க்கும் ஆபத்து இருக்கிறது. எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே கொடுத்தால் கால்சியம் கிடைக்காது. 100 கிராம் கோழி இறைச்சியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும், கால்சியமோ 10, 15 மில்லிகிராம்தான். இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவதும், லேசாகக் குதித்ததற்கே எலும்பு முறிவதும் இதனால்தான். அதற்காக வெந்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள். அது ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு அப்படி உடைவது குறைவு என்றாலும், கடைவாய்ப் பல்லை உடைக்கக்கூடியது.

பச்சை முட்டையும் அப்படித்தான். ரோமத்துக்கு நல்லது என்று தினமும் உடைத்து ஊற்றுகிறார்கள். வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், முடிக்குத் தேவையான பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாள் கணக்கில் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தோமோ அந்த முடியே கொட்டும். அவித்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

அப்படியென்றால் என்ன கொடுப்பது?

கோழி இறைச்சியைத் தோலோடு வேகவைத்து, வாரத்தில் இரண்டு நாள் சிறு துண்டு ஈரலும் சேருங்கள். ஈரலை அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும், அதனால் அளவு முக்கியம். சோற்றை நிறுத்த வேண்டியதில்லை, தட்டில் அதன் பங்கு குறைந்தால் போதும். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது, பிரியாணி மிச்சமும் வேண்டாம். மத்தி மீனைக் குக்கரில் முள் மசியும் வரை வேகவையுங்கள். ஒமேகா-3, கால்சியம் இரண்டுமே அதில் கிடைக்கும். தோல் அரிப்பையும் வறட்சியையும் குறைப்பதில் இந்த மீன் கொழுப்புக்கு நல்ல பெயர் உண்டு. மருந்து டப்பாவில் இருக்கும் காட் லிவர் மாத்திரை மீன் எண்ணெய்க்கு மாற்று அல்ல, அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. தினசரி உணவு முழுவதும் வீட்டுச் சமையல்தான் என்றால், கால்சியம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பாகக் குட்டிகளுக்கு.

புது உணவை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள்.

இன்னொன்று, எல்லாத் தோல் பிரச்னையும் தட்டிலிருந்து வருவதில்லை. முதுகின் பின்பகுதியில், வாலுக்கு மேலே கடித்துக் கடித்து முடி போயிருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காதில் புளித்த வாடை வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நடுவயது நாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை தேவைப்படும். சிலருடைய நாய்க்குக் கோழியே ஒவ்வாது. மாட்டிறைச்சி, பால், கோதுமையோடு கோழியும் ஒவ்வாமை தரும் உணவுகளில் ஒன்று. அதைப் பச்சையாகக் கொடுத்தாலும் வேகவைத்துக் கொடுத்தாலும் அரிப்பு அரிப்புதான். இதைக் கண்டுபிடிக்க, இதுவரை சாப்பிடாத ஓர் இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார் மருத்துவர். அந்த எட்டு வாரத்தில் தாத்தா டீயில் நனைத்து ரகசியமாகக் கொடுக்கும் ஒற்றை பிஸ்கட்கூட கணக்கைக் கெடுத்துவிடும்.

ரோமம் ஒரு வாரத்தில் மாறாது. புதிய முடி வளர்ந்து வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். உணவை மாற்றும் நாளில் நாயின் முதுகையும் வயிற்றையும் வெயில் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொரு படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் காட்டுங்கள்.